மீனுக்கு மஞ்சக்காமாலை

அக்கா: தம்பி, பைய அங்கயே வெச்சுட்டு மொதல்ல இங்க வா. சின்னதுக்கு மஞ்சக்காமாலை.

தம்பி: எந்தச் சின்னது?

அக்கா: தொட்டியில இருக்கிறதே ரெண்டு. பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு. நீ ஊருக்குப் போறப்ப சாம்பல் கலர்ல சும்மா கெடந்துச்சு. போகி அன்னிக்கு வந்து பாக்குறேன், எலுமிச்சம்பழம் மாதிரி நிக்குது.

தம்பி: ஐயையோ. மருந்து ஏதாச்சும் ஊத்துனீங்களா?

அக்கா: கீழாநெல்லி பறிச்சு அரைச்சேன்.

(அக்கா இந்த வீட்டுக்கு வேலைக்கு வருபவர். தம்பி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து அவனை வண்டியில் கூட்டிவந்து, ஒரு காபி கிடைக்கும் என்று உட்கார்ந்திருந்த நானும் எழுந்துவிட்டேன்.)

தம்பி: தொட்டியில போட்டுட்டீங்களா?

அக்கா: அதை மோர்ல கலக்கித் தரணும். மீனுக்கு எப்பிடி மோர் குடுக்கிறது? தொட்டி பூரா ஊத்துனா பெரிசும் குடிச்சிரும், அதுக்கு நோவு இல்ல. வீணாப் போவுதேன்னு நானே குடிச்சுட்டேன்.

தம்பி: அப்பாடா. ஃபில்டர் ஸ்பாஞ்சு? ஸ்பாஞ்சைக் கழுவலையே?

அக்கா: எது, அந்த அழுக்குப் பஞ்சா?

தம்பி: அழுக்கு இல்லக்கா அது. அதுலதான் பாக்டீரியா இருக்கு. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ நைட்ரைட் ஆக்கி, அப்புறம் நைட்ரேட் ஆக்கும். குழாய்த் தண்ணியில கழுவினா குளோரின் பட்டு எல்லாம் செத்துரும். அது வளரணும்னுதான் மீனே இல்லாம அஞ்சு வாரம் தொட்டிய ஓட விட்டேன்.

அக்கா: தெரியுமே. அஞ்சு வாரம் வெறும் தண்ணிக்கு லைட்டு போட்டு, எதிர்ல சேர் போட்டு உக்காந்து பாத்துட்டு இருந்த. யார்கிட்டயும் சொல்லல நான்.

தம்பி: கழுவுனீங்களா இல்லையா?

அக்கா: எங்க கழுவுறது? கைய உள்ள விட்டா சின்னது கடிக்க வருது. கீழ கெடக்குற எலைக் குப்பைய அள்ளலாம்னு விட்டேன். ரெண்டு இஞ்சு இருக்குமா அது? செவுள விரிச்சுக்கிட்டு நேரா விரலுக்கு வந்துச்சு. காமாலை மூளைக்கு ஏறிடுச்சுன்னு விட்டுட்டேன்.

தம்பி: நல்ல காரியம். அது குப்பை இல்லக்கா, பாதாம் எலை. காசு குடுத்து வாங்கிப் போட்டது.

அக்கா: காசு குடுத்து?

தம்பி: ஆன்லைன்ல. பத்து எலை நூத்தம்பது.

அக்கா: எலை?

தம்பி: எலைதான்.

அக்கா: கீழ வாட்ச்மேன் ரூமாண்ட நிக்குதே, தினம் நான் கூட்டித் தள்ளுறேனே, அந்த எலை?

தம்பி: அதே மரந்தான். நாட்டு வாதுமை. ஊற ஊற டானின்னு ஒரு துவர்ப்பு எறங்கும். தண்ணி டீ கலருக்கு வரும், பிஎச் கொஞ்சம் கொறையும். இந்த மீன் இருக்கிற ஓடையிலயும் அடியில எலை மக்கிக் கெடக்கும். அமேசான் பக்கம்.

அக்கா: அட்டைப்பெட்டியில போட்டிருந்துச்சே, அந்த அமேசானா?

தம்பி: அது கம்பெனி. இது ஆறு. பெரு நாட்டுல எல்லாம் ஓடுது.

அக்கா: மீனு அங்கேருந்தா வந்துச்சு?

தம்பி: கொளத்தூர்ல வாங்குனது. இங்கயே தொட்டியில பொறந்ததுதான்.

அக்கா: கொளத்தூர்ல பொறந்ததுக்கு எதுக்குப்பா பெரு நாட்டு ஓடை?

தம்பி: ரத்தத்துல இருக்கும்லக்கா. போர் தண்ணியில கரைஞ்ச உப்பு, அதான் டிடிஎஸ், ஆயிரத்தைத் தாண்டுது, அதான் கேன் தண்ணி கலந்து விடுறேன். இது குள்ள சிக்லிட் வகை. காகட்டூன்னு பேரு.

அக்கா: காக்காவா?

தம்பி: காகட்டூ. கொண்டை வெச்ச கிளி. ஆண் மீனுக்கு முதுகு செட்டை முன்பக்கம் அந்தக் கொண்டை மாதிரியே தூக்கிட்டு நிக்கும்.

அக்கா: மீனுக்குக் கிளி பேரு. பத்து எலை நூத்தம்பது. ஆயிரம் டிடிஎஸ்ல வெச்ச ரசத்தை மட்டும் ரெண்டு தடவ வாங்கி ஊத்திக்கிற.

(தம்பி இதற்குள் தரையில் மண்டியிட்டு, கண்ணாடியில் மூக்கை ஒட்டி, கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சியின் ஓட்டைக்குள் செல்போன் டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். தொட்டிக்குள் தெர்மாமீட்டர் இருக்கிறது, இருபத்தாறு டிகிரி. போன மாதம் இவனுக்குக் காய்ச்சல் வந்தபோது பார்க்க வீட்டில் தெர்மாமீட்டர் இல்லை.)

தம்பி: அக்கா! இது காமாலை இல்ல. முட்டை போட்டிருக்கு! முட்டை போட்டுக் காவல் இருக்கிறப்ப பெண் மீனு மஞ்சளா மாறிடும்.

அக்கா: பிள்ளை பெத்தவளா? அட. மஞ்சப் பூசிக் குளிச்சிருக்கா.

தம்பி: கொட்டாங்கச்சி உள்ள, மேல் கூரையில ஒட்டி வெச்சிருக்கும். ஆனா இப்ப ஒண்ணையும் காணோமே. தின்னுடுச்சா?

அக்கா: எங்க தேடுற? இந்தப் பக்கம் வா. அந்த எலை மேல பாரு, கொசு மாதிரி. காலையிலேருந்து மேயுது. அவ உடம்ப ஒரு உதறு உதறுறா பாரு, மொத்தமும் அப்பிடியே எலையில படுத்துக்குது. இப்ப பாரு... ஆங். பாத்தியா? கூட்டுறத நிறுத்திட்டு அரை மணி நேரம் இதத்தான் பாத்துட்டு இருந்தேன். எம் பேரன் நூறு தடவ கூப்பிட்டாலும் வர மாட்டான்.

தம்பி: முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது... ஆண் எங்கக்கா?

அக்கா: அவனா? பின்னாடி, ஹீட்டர் சந்துல ஒளிஞ்சிருக்கான். வாலு கிழிஞ்சு போச்சு. ஒரு வாரமா துரத்தித் துரத்திக் கடிக்கிறா. சோறு போட்டாக்கூட எட்டிப் பாத்துட்டு உள்ள போயிடுறான்.

தம்பி: அது அப்பிடித்தான். பிள்ளைங்கள அம்மா மட்டுந்தான் பாக்கும். காட்டுல ஒரு ஆணுக்கு நாலஞ்சு பெண் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி எடம்.

அக்கா: அதான் விசயம். நாலு பேருகிட்ட பிரிச்சு வாங்க வேண்டிய அடி. இங்க ஒருத்திகிட்டயே வாங்குறான்.

தம்பி: அவனை உடனே வேற தொட்டிக்கு மாத்தணும்.

அக்கா: புருசனுக்குத் தனி ரூமு. சரி.

தம்பி: அவள யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது. கை விடக் கூடாது. பக்கத்துல போய் தொடப்பத்தை ஆட்டக் கூடாது. பயந்தா குஞ்சையே தின்னுடும். அப்புறம் ஆர்டீமியா பொரிக்கணும்.

அக்கா: அது என்ன?

தம்பி: உப்புத் தண்ணியில வாழ்ற, எறா மாதிரி ஒரு பொடி ஜீவன். முட்டை டப்பாவுல வரும். உப்புத் தண்ணியில போட்டு, காத்து விட்டு, ஒரு நாள் வெச்சா குஞ்சு வரும். அந்தக் குஞ்சை இந்தக் குஞ்சுக்குப் போடணும்.

அக்கா: குஞ்சுக்குக் குஞ்சு. எலைக்குக் காசு.

தம்பி: ஒரு நாளைக்கு நாலு வேளை. நாளைக்கும் மறுநாளும் ஆபீசுக்கு லீவு போட்டுடறேன்.

அக்கா: என்னன்னு சொல்லுவ?

தம்பி: ஜுரம்னு.

அக்கா: போன மாசம் எம் மருமகளுக்கு ராத்திரி வலி எடுத்துச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து உனக்கு போன் பண்ணேன், ரெண்டு நாள் வர மாட்டேன்னு. என்ன சொன்ன?

தம்பி: ...

அக்கா: "முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா"ன்னு. இந்த மஞ்சக்காரி உன்கிட்ட முன்னாடியே சொன்னாளா?

(ஏர் பம்ப் சத்தம் மட்டும் கேட்டது. நான் போய் நானே காபி போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் அந்த ஹாலில் நிற்பதற்கு ஹீட்டர் சந்து எவ்வளவோ மேல்.)

தம்பி: பையனா பொண்ணாக்கா?

அக்கா: பொண்ணு. மூணு கிலோ. ஒரு மாசம் ஆச்சு, இப்பக் கேக்குற. பரவால்ல, இங்க ஒவ்வொண்ணுக்கும் கேட்டு எழுதி வெச்சுக்க.

தம்பி: அக்கா... கீழ அந்த மரத்துக்கு மருந்து ஏதும் அடிப்பாங்களா?

அக்கா: அதுக்குத் தண்ணியே யாரும் ஊத்துறது இல்ல. ஏன்?

தம்பி: இல்ல, குஞ்சுக்கு எலை இன்னும் கொஞ்சம் வேணும். மக்குன எலையில கண்ணுக்குத் தெரியாத பூச்சி எல்லாம் வரும், அதையும் மேயும். பச்சையாப் பறிக்கக் கூடாது. தானா செவந்து, காஞ்சு, விழுந்ததா இருக்கணும்.

அக்கா: தை மாசம் வேற எப்பிடி விழும்? கூடை கூடையா கெடக்கு. ஒண்ணு பதினஞ்சு ரூவா.

தம்பி: அக்கா, அது சும்மா விழுற எலை!

அக்கா: எலை சும்மாதான் தம்பி. நான் குனியணும்ல.

தம்பி: சரி, ஒரு பத்து போதும்.

அக்கா: பத்து தடவ. முட்டி வலிக்குது, இருபது ரூவாவா போட்டுக்க.