ஜெர்சி டெம்ப்ளேட் வரைஞ்ச புண்ணியவான் ஒரு ஜெர்சியையாவது மடிச்சுப் பாத்திருப்பாரா?

ஜெர்சியை ஃப்ரேம் போடுறப்ப அதைச் சுத்தி வர்ற அட்டைதான் மேட். அதுல ஓபனிங்கை, அதாவது ஜன்னலை, வெட்டுற கம்ப்யூட்டர் மேட் கட்டரை விக்கிறப்ப முதல்ல காட்டுற வித்தையே இந்த ஜெர்சி டிசைன்தான். லைப்ரரியில ஒரு கிளிக். திரையில சட்டை வடிவத்துல ஓபனிங், பக்கத்துல போட்டோவுக்கு ஒண்ணு, கீழே பேரு, நம்பரு. பாக்க அம்சமா இருக்கும். அந்தச் சட்டையில தோள்பட்டையை மட்டும் கொஞ்சம் அகலமாக்கப் பாருங்க, அப்பத் தெரியும் சேதி.

மூலையைப் பிடிச்சு இழுத்தா மொத்த சட்டையும் விரியுது. கழுத்தும் விரியுது, கையும் விரியுது. தோளை மட்டும் தொடணும்னா கோடுகளை ஒண்ணா இணைச்ச குரூப்பை உடைக்கணும். உடைச்ச நொடியே இடமும் வலமும் சமமா இருக்கணும்கிற கட்டு போச்சு. வலது தோளை 12 மி.மீ. தள்ளினா இடது தோள் அசையாம நிக்கும். வேற வழியே இல்லாம, நடுக்கோட்டுல வெட்டி, பாதிச் சட்டையை அழிச்சு, மிச்சப் பாதியைத் திருத்தி, அதைப் புரட்டி நகல் எடுத்து, கழுத்து நடுவுலயும் கீழ் விளிம்புலயும் நுனிகளை ஒட்டணும். ஒட்டின இடத்தைப் பெருசாக்கிப் பாக்காம விட்டீங்கன்னா தொலைஞ்சீங்க. திரையில மூடின மாதிரி தெரியும். ஆனா 0.1 மி.மீ. இடைவெளி இருந்தாலும் மெஷினுக்கு அது ரெண்டு தனிக்கோடு. பிளேடு அங்கே மேல வந்து திரும்ப இறங்கும், கழுத்துக்கு நேர் நடுவுல ஓவர்கட் (கோட்டைத் தாண்டின வெட்டு) விழும். வாடிக்கையாளர் கண்ணு முதல்ல போறதே அங்கதான்.

இதுல எல்லா விளையாட்டுக்கும் ஒரே சட்டை வேற! கூடைப்பந்து ஜெர்சிக்குக் கையே கிடையாது. ஐஸ் ஹாக்கி ஜெர்சி பாதுகாப்புப் பேடுக்கு மேல போடுறது, உடம்பும் கையும் கூடாரம் மாதிரி. பேஸ்பால் சட்டையில முன்பக்கம் நெடுக பட்டன். இத்தனைக்கும் ஒரே அரைக்கை உருவத்தைக் கொடுத்துட்டு ‘ஸ்போர்ட்ஸ் ஜெர்சி’ன்னு பேர் வச்சிருக்காங்க.

சரி, வடிவம் ஒருவழியா வந்துடுச்சு. டபுள் மேட்னா, அதாவது ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு மேட்னா, அடுத்த கூத்து. மேல் மேட்டுக்கு உள்ளே கீழ் மேட் 6 மி.மீ. தெரியணும்னு வச்சுக்குங்க. ரெண்டு லேயரையும் சேர்த்துப் பிடிச்சு அகலத்தை மட்டும் 120 சதவீதம் ஆக்கினா, பக்கவாட்டுல அந்தப் பட்டை 7.2 மி.மீ., மேலேயும் கீழேயும் அதே 6 மி.மீ. வண்ணப் பட்டை ஒரு பக்கம் தடிமனா, ஒரு பக்கம் ஒல்லியா நிக்கும். மென்பொருள் அதைப் பாத்து ஒரு வார்த்தை எச்சரிக்காது. கீழ் லேயரை முழுசா தூக்கிட்டு, மேல் லேயரை மட்டும் அளவு மாத்தி, அதுக்கப்புறம் உள்பக்கமா 6 மி.மீ. ஆஃப்செட்டை (சுத்தி ஒரே தூரத்துல போற இணைகோடு) புதுசா போடுறதுதான் ஒரே மருந்து.

அந்த ஆஃப்செட்டும் வி கழுத்துல கவுத்துடும். கழுத்துல மேட் கூரா கீழே இறங்கி நிக்கும் இல்லையா? கோணம் 60 டிகிரின்னா, கூர் முனையில பட்டை 6 மி.மீ. இல்ல, 12 மி.மீ. 40 டிகிரின்னா 17 மி.மீ.க்கும் மேல. இது கணக்கு, தப்பில்ல. ஆனா கண்ணுக்கு அசிங்கம். சில மென்பொருள் இதைத் தவிர்க்கிறேன்னு கூரை வட்டமாக்கிடும். அப்போ மேல் மேட் கூரா, கீழ் மேட் மொட்டையா இருக்கும். ரெண்டும் வேண்டாம்னா கீழ் லேயரோட கூர் நோடை (கோட்டுல பிடிச்சு இழுக்கிற புள்ளி) மட்டும் கையால கொஞ்சம் மேலே தூக்கணும். ஒவ்வொரு வேலைக்கும். கையால.

நம்பருக்கு வருவோம். 0, 6, 8, 9 வந்தா உள்ளே இருக்கிற துண்டு தனியா விழும். டபுள் மேட்டுல அதைக் கீழ் மேட்டு மேல ஒட்டிக்கலாம். அதுக்கு வெளித்துண்டை எடுத்துடாம, எல்லாத்தையும் இருந்த இடத்துலயே வச்சுக் கீழ் மேட்டோட சேர்க்கணும், அப்போதான் உள்துண்டு சரியான இடத்துல உக்காரும். அதோட அந்த உள்கோட்டுக்குப் பெவல் (அட்டையோட வெள்ளை உள்பக்கம் தெரியிற சாய்வெட்டு) எதிர்த்திசையில சாயணும். கோடு போற திசை மாறலைன்னா பெவல் உள்பக்கமா பதுங்கிடும். நம்பரைச் சுத்தி வெள்ளை ஓரம் பளிச்சுன்னு, நடுத்துண்டுக்கு மட்டும் ஒண்ணுமே தெரியாது. இதைத் தானா புரிஞ்சுக்காத மென்பொருளுக்கு நம்பர் வெட்ட என்ன தகுதி?

சிங்கிள் மேட்னா ஒட்ட இடமே இல்ல, உள்துண்டைப் பிடிச்சு நிறுத்த வெட்டாத பாலம் விட்டாகணும். எவ்வளவு அகலம்? நாலு ப்ளை போர்டு (நாலு அடுக்கு மேட் அட்டை) ஏறக்குறைய 1.5 மி.மீ. தடிமன். 45 டிகிரி பெவல் பக்கத்துக்கு 1.5 மி.மீ. தின்னும், ரெண்டு பக்கமும் சேர்த்து 3. பின்பக்க அளவுல 5 மி.மீ. பாலம் வரைஞ்சா முன்னாடி வண்ணம் தெரியிறது 2 மி.மீ.தான். எழுத்துக்கு இதையே திருப்பிப் போடுங்க: முன்பக்கத்துல 3 மி.மீ.க்குக் குறைஞ்ச கோட்டுல ரெண்டு பெவலும் நடுவுல முட்டிக்கும், துண்டு சுத்தமா விழாது, நோண்டி எடுக்கணும். திரையில காட்டுற அளவு முன்பக்கமா பின்பக்கமான்னாவது தெளிவா எழுதி வைக்கக் கூடாதா? தெரியணும்னா 50 மி.மீ. சதுரம் ஒண்ணை வெட்டி, ரெண்டு பக்கமும் அளந்துதான் பாக்கணும்.

கிளப் சின்னத்தை இறக்குமதி பண்றதைச் சொன்னா ரத்தக்கொதிப்பு ஏறும். படத்தை ஆட்டோ ட்ரேஸ் பண்ணி, அதாவது மென்பொருளையே கோடா மாத்த விட்டு, கொடுத்துடுவாங்க, நாலு நோடுல முடியிற வட்டத்துக்கு நூறு நோடு இருக்கும். பிளேடு ஒவ்வொண்ணுலயும் திணறும், வளைவு அரம் மாதிரி வரும். போதாததுக்கு ஒரே கோடு ரெண்டு தடவை மேல மேல இருக்கும். ரெண்டாவது வெட்டுல விளிம்பு பஞ்சாப் பிரியும். சிம்ப்ளிஃபை போட்டு நோடைக் குறைச்சு, இரட்டைக் கோட்டை அழிச்சிட்டு அப்புறமா அனுப்புங்க.

இதெல்லாத்தையும் விடக் கொடுமை, ஜெர்சிக்கான மென்பொருள்ல ஜெர்சியோட தடிமனைக் கேக்க ஒரு கட்டம் கிடையாது. உள்ளே ஃபோம் போர்டு வச்சு மடிச்ச ஜெர்சி, துணியில படாம மேட்டைத் தூக்கி நிறுத்துற ஸ்பேசர் வச்ச மேட். துணிக்கும் மேட்டுக்கும் 12 மி.மீ. இடைவெளின்னா, 45 டிகிரி சாஞ்சு பாக்கிறவர் கண்ணு மேட்டுக்கு அடியில 12 மி.மீ. உள்ளே போகும். துணி அவ்வளவு தூரம் மேட்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கணும். டெம்ப்ளேட்டை அப்படியே வெட்டினா ஓரத்துல ஃபோம் போர்டு எட்டிப் பாக்கும். மடிச்சு முடிச்ச ஜெர்சியை அளந்து, சுத்தி இடைவெளி அளவுக்குக் கழிச்சு ஓபனிங் போடுங்க. மடிக்கிறதுக்கு முன்னாடி அளந்து பிரயோசனமில்ல.

இத்தனையும் திருத்தி டெம்ப்ளேட்டா சேமிச்சா, அடுத்த தடவை வேற போர்டு அளவு கொடுத்ததும் எல்லாத்தையும் விகிதத்துக்கு நீட்டி வைக்கிற மென்பொருளும் இருக்கு. 32க்கு 40 அங்குலத்துக்குச் செதுக்கின தோள் மறுபடி கோணல். அதனால லைப்ரரி பக்கமே போகாதீங்க. சாதாரண வேலைக் கோப்பா சேமிச்சு, போர்டு அளவு, கை உண்டா இல்லையா, இடைவெளி எத்தனை மி.மீ.ன்னு கோப்புப் பேர்லயே எழுதி வையுங்க.