அவருக்கு எதற்குப் போர்வை என்று கேட்டவர்களுக்கு

போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு உள்பெட்டியில் நாலைந்து பேர் விசாரித்துவிட்டார்கள். படத்தில் இருப்பது சிவப்பு, வெள்ளை, நீலத்தில் ஒரு குயில்ட். அதைப் போர்த்திக்கொண்டு நிற்பவர் எழுபத்தேழு வயது அமெரிக்கர், வியட்நாம் போரில் இருந்தவர். ஓரத்தில் குண்டூசி டப்பாவோடு நிற்பது நான். "அழகா இருக்கு, எங்க வாங்கின?" என்று கேட்டவர்களுக்கு அப்போதே பதில் சொல்லிவிட்டேன். கல்லூரித் தோழி ஒருத்தி மட்டும் வேறு மாதிரி கேட்டாள். "வியட்நாம்ல போய் சண்டை போட்டவருக்கு நீ எதுக்குடி போர்வை தைக்கிற? அந்த ஊர் ஜனங்களுக்கு யாரு தைச்சுக் குடுத்தாங்க?"

நியாயமான கேள்வி. ரெண்டு வரியில் பதில் சொன்னால் அவளுக்கும் மரியாதை இல்லை, அந்த மனிதருக்கும் மரியாதை இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் குயில்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மேலே சின்னச் சின்னத் துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சுப் படலம், அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்து மேலிருந்து அடிவரை ஊசி இறங்கும்படி தையல் போடவேண்டும். எங்கள் வீட்டில் அம்மா பழைய நூல் சேலைகளை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டு, பிறக்கப்போகிற குழந்தைக்கு விரிப்பு செய்து வைப்பார். கிட்டத்தட்ட அதே சாதிதான். ஓஹியோவுக்கு வந்து பல வருஷம் கழித்து, எங்கள் ஊர் நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடி இதைத் தைக்கிறார்கள் என்று தெரிந்து போய் உட்கார்ந்தபோது, எனக்கு ஞாபகம் வந்தது அம்மாவின் அந்த விரிப்புதான்.

அவர்கள் தைப்பது 'குயில்ட்ஸ் ஆஃப் வேலர்' என்ற அமைப்புக்காக. 2003இல் டெலவேர் மாநிலத்தில் கேத்தரின் ராபர்ட்ஸ் என்ற தாய் ஆரம்பித்தது. அவருடைய மகன் அப்போது இராக்கில், ஹம்வீ என்ற ராணுவ வண்டியின் மேல் துப்பாக்கியோடு நிற்கும் வேலையில் இருந்தான். மகன் உயிரோடு திரும்புவானா என்று தூக்கம் கெட்டுக் கிடந்த நாட்களில் அந்த அம்மாவுக்கு ஒரு கனவு. ராத்திரியில் கட்டில் விளிம்பில் ஓர் இளைஞன் குனிந்து உட்கார்ந்திருக்கிறான், போர் அவனை விட்டபாடில்லை. அடுத்த காட்சியில் அவனே ஒரு குயில்ட்டைப் போர்த்தியிருக்கிறான், முகம் தெளிந்திருக்கிறது. கனவு அவ்வளவுதான். அந்த வருஷம் நவம்பரிலேயே வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், இராக்கில் கால் இழந்து படுத்திருந்த ஓர் இளம் வீரருக்கு முதல் குயில்ட் போய்ச் சேர்ந்தது. இன்று அந்த அமைப்பின் தலைமையகம் ஐயோவா மாநிலத்தில் வின்டர்செட் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. இதுவரை கொடுத்த குயில்ட்டுகள் 4 லட்சத்துக்கும் மேல். எல்லாம் தன்னார்வலர்கள் தைத்தவை.

இது திடீரென்று முளைத்த பழக்கமும் இல்லை. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபோதே வடக்கு மாநிலப் பெண்கள் தைத்துத் தைத்து ராணுவ மருத்துவமனைகளுக்கு அனுப்பினார்கள். அந்தக் குயில்ட்டுகளில் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை மிகச் சில. மற்றவை உபயோகித்துக் கிழிந்தன, சில இறந்தவர்களோடு மண்ணுக்குள் போயின. முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பணம் சேர்க்க இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். கொஞ்சம் காசு கொடுத்தால் உங்கள் பெயரைக் குயில்ட்டில் சிவப்பு நூலால் பின்னுவார்கள். ஊர் முழுக்க ஒரே போர்வையில் பெயராக இருக்கும்.

எங்கள் குழுவில் ஒரு கட்டாயம் உண்டு. குயில்ட்டை 'கொடுத்தோம்' என்று சொல்லக் கூடாது. 'அவார்ட்' என்றுதான் சொல்லவேண்டும், பதக்கம் தருவது மாதிரி. பெயரைச் சொல்லி அழைத்து, எங்கே எப்போது பணியில் இருந்தார் என்று வாசித்து, ரெண்டு பேர் குயில்ட்டை விரித்துப் பிடித்துத் தோளைச் சுற்றிப் போர்த்துவார்கள். முதல் தடவை பார்த்தபோது, நம் ஊரில் பொன்னாடை போர்த்துவதுதானே என்று நினைத்தேன். அப்புறம்தான் வித்தியாசம் புரிந்தது. பொன்னாடை அந்த மேடையோடு சரி, அலமாரிக்குள் போய்விடும், சமயத்தில் இன்னொரு மேடையில் இன்னொருவர் தோளுக்கும் போகும். இதை அப்படி மடித்து வைக்காதீர்கள் என்று சொல்லியே கொடுக்கிறோம். போர்த்தித் தூங்குங்கள், சோபாவில் போடுங்கள், அழுக்கானால் துவையுங்கள், கிழிகிற வரைக்கும் உபயோகியுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்த அமைப்பைப் பிடித்துப்போனது.

அளவு 60க்கு 80 அங்குலம் இருந்தால் நல்லது. ஒரு ஆள் நன்றாகச் சுருண்டு படுக்கலாம். தையலுக்கு விடவேண்டிய துணி கால் அங்குலம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வொரு தையலிலும் ஒரு நூலிழை தவறினால் இருபது துண்டு சேர்ந்த வரிசையில் அரை அங்குலம் போய்விடும், நட்சத்திரத்தின் முனைகள் ஒன்றோடொன்று சேராது. நான் தைத்த முதல் வரிசையைக் குழுவின் மூத்த அம்மா ஒருத்தர் ஸ்கேல் வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தையல் பிரிக்கும் முள்ளை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிரித்தேன். எண்பத்து மூன்று வயது அவருக்கு. இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் இழுக்காதே, வைத்து எடு, இழுத்தால் துண்டு கோணும் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

படத்தில் இருக்கும் குயில்ட்டுக்கு எனக்கு நாற்பத்து மூன்று மணி நேரம் ஆனது. குறித்து வைத்திருக்கிறேன். முடித்துத் துவைத்து எடுத்தால், கருஞ்சிவப்புத் துணியின் சாயம் இறங்கி வெள்ளைக் கட்டங்கள் எல்லாம் ரோஜா நிறம். விழாவுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது. குளியல் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது. அந்த மூத்த அம்மாவுக்குப் போன் போட்டேன். காய வைத்துவிடாதே, ஈரத்தோடேயே இருக்கட்டும் என்றார். தொட்டி நிறைய நல்ல வெந்நீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், குயில்ட்டை முழுக்க அமுக்கி ராத்திரி முழுக்க ஊறவிடு என்றார். காலையில் தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த மாதிரி இருந்தது. மறுபடி வெந்நீர், மறுபடி சோப்பு. மூன்றாவது நாள் தண்ணீர் தெளிந்தது, வெள்ளை வெள்ளையாகத் திரும்பி வந்தது. பின்பக்கம் மூலையில் பெயர்ச் சீட்டைக் கையால் தைத்தேன். யாருக்கு, யார் துண்டு இணைத்தது, யார் மேல்தையல் போட்டது, எந்த ஊர், எந்த வருஷம். சீட்டு இல்லாமல் ஒரு குயில்ட்டும் வெளியே போகாது.

சரி, தோழியின் கேள்விக்கு வருகிறேன்.

விழா முடிந்து காப்பி குடிக்கும்போது படத்தில் இருக்கும் அந்த மனிதர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆக்ரன் பக்கம் டயர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாராம், இருபத்தோரு வயது. 1969 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி அமெரிக்கா முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் 366 நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. எந்தத் தேதி முதலில் வருகிறதோ அந்தத் தேதியில் பிறந்த பையன்கள் முதலில் ராணுவத்துக்குப் போகவேண்டும். 1944 முதல் 1950 வரை பிறந்தவர்களுக்கான குலுக்கல். முதலில் வந்தது செப்டம்பர் 14. கடைசியில் 195ஆம் எண் வரைக்கும் கூப்பிட்டார்கள். இவருடைய தேதி இருபதுக்குள்ளேயே வந்துவிட்டது. "அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரத்தை" என்றார். கல்லூரியில் படிக்கிறவர்களுக்குத் தள்ளிவைப்புச் சலுகை இருந்தது. டயர் ஆலையில் வேலை செய்கிற பையனுக்கு ஏது சலுகை?

1964 ஆகஸ்டிலிருந்து 1973 பிப்ரவரி வரை இப்படிக் கட்டாயமாக எடுத்தவர்கள் 18 லட்சத்துக்கு மேல். போன எல்லோரும் கட்டாயத்தில் போகவில்லை, அதையும் சொல்லவேண்டும். வியட்நாம் போனவர்களில் பெரும்பகுதி தாங்களாகச் சேர்ந்தவர்கள், அவர்களிலும் நிறையப் பேர் எப்படியும் கூப்பிடத்தான் போகிறார்கள் என்று முந்திக்கொண்டவர்கள். ஆனால் அந்தப் போரைத் தீர்மானித்தவர்கள் யாரும் அந்த ஜாடிக்குள் இல்லை. அந்தப் போரில் இறந்த, காணாமல்போன அமெரிக்கர்களின் பெயர்கள் 58,000க்கு மேல் வாஷிங்டனில் கறுப்புக் கல்லில் செதுக்கியிருக்கின்றன. திரும்பி வந்தவர்களோ, தோற்ற போரிலிருந்து வந்தவர்கள். போரை ஆதரித்தவர்களுக்கும் அவர்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை, எதிர்த்தவர்களுக்கும் பிடிக்கவில்லை. இவர் ஊர் திரும்பியதும் சீருடையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டுத்தான் பேருந்தில் ஏறினாராம். அதனால்தான் எங்கள் விழாவில் வியட்நாம் வீரர்களிடம் நன்றி சொல்வதோடு இன்னொன்றும் சொல்வோம். 'வெல்கம் ஹோம்'. ஐம்பது வருஷம் கழித்து, வீட்டுக்கு வா என்று. அதைக் கேட்டதும் கண் கலங்காத ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வியட்நாமியர்கள்? லட்சக்கணக்கில் செத்தார்கள், அதில் சரிபாதிக்குக் குறையாமல் ஆயுதமே தொடாத ஜனங்கள் என்பதுதான் என் நம்பிக்கை. 1962 முதல் 1971 வரை அவர்கள் காட்டிலும் வயலிலும் அமெரிக்கா களைக்கொல்லி தெளித்தது. அந்த விஷத்தால் வந்த நோய் இந்த ஊர் வீரர்களுக்கும் உண்டு, அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் உண்டு. இவர்களுக்காவது அரசாங்கம் உதவித்தொகை தருகிறது. அந்தக் கடன் பெரிய கடன், இந்த நாடு தீர்க்கவேண்டிய கடன். என் குயில்ட் அதைத் தீர்க்கும் என்று நான் நினைக்கவே இல்லை, அந்தப் போர் சரி என்று சொல்லவும் நான் தைக்கவில்லை. தூக்கம் வராத ஒரு மனிதருக்குத் தைத்தேன். போர் தப்பு என்பதற்காக, அதற்குள் தள்ளிவிடப்பட்ட இருபத்தோரு வயதுப் பையனை வாசலில் நிறுத்தி வைக்க எனக்கு மனசு வரவில்லை. தோழி இதை ஏற்காமல் போகலாம். அவள் கேட்டது சரிதான் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் தேர்தல் சமயத்தில் யாராவது வந்து குயில்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நிற்கப் பார்ப்பார்கள். எங்கள் குழுவில் அதற்கு இடம் கொடுப்பதில்லை. தைத்த கைதான் போர்த்தவேண்டும்.

இப்போது அந்த விழாவில் நடந்ததைச் சொல்லவேண்டும், அதற்குத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். ஆரம்பத்தில் எங்கள் குழுத் தலைவி, "இங்கே இருக்கும் முன்னாள் படைவீரர்கள் எல்லோரும் எழுந்து நில்லுங்கள்" என்றார். ஆறேழு ஆண்கள் எழுந்தார்கள். இவரும் எழுந்தார். எல்லோரும் கைதட்டினோம். கைதட்டல் ஓய்கிற நேரத்தில், இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். கணவருக்கு ஏதோ வேண்டும் போல, தண்ணீர் எடுக்கப் போகிறார் என்று நினைத்து நானே ஒரு டம்ளரோடு ஓடினேன். அவர் தலையை ஆட்டினார். "நானும்தான்" என்றார்.

வியட்நாமில் ராணுவ மருத்துவமனையில் ஒரு வருஷம் நர்ஸாக இருந்தவராம். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் ஓடுவார்களாம். இருபத்திரண்டு வயது. அங்கே பணியில் இருந்த அமெரிக்கப் பெண்கள் சுமார் 11,000 பேர், அதில் பத்துக்கு ஒன்பது பேர் நர்ஸுகள். கறுப்புக் கல் 1982இல் வந்தது. அந்தப் பெண்களுக்கான சிலை பக்கத்திலேயே வருவதற்கு 1993 ஆகிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விவரம்தான். தெரிந்துமே டம்ளரோடு ஓடியிருக்கிறேன். அவருடைய பெயரை யாரும் எங்களுக்குப் பரிந்துரைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மகன்தான் விண்ணப்பம் போட்டான், அப்பாவுக்கு மட்டும்.

குயில்ட்டைப் போர்த்தி, படமெல்லாம் எடுத்து, எல்லோரும் உட்கார்ந்த பிறகு கணவர் தன் தோளில் இருந்ததை இறக்கினார். பாதியைத் தன் மடியில் போட்டுக்கொண்டு மீதிப் பாதியை மனைவியின் மடியில் இழுத்துவிட்டார். விழா முடிகிற வரைக்கும் அந்த அம்மாவின் விரல் ஒரு நட்சத்திரத்தின் முனையைத் தடவிக்கொண்டே இருந்தது. நான் பிரித்துப் பிரித்துத் தைத்த முனை அது.

அந்த அம்மாவுக்கான விண்ணப்பத்தை மறுநாள் காலையிலேயே நான் போட்டுவிட்டேன். நீலம் தூக்கலாக இருக்கட்டும் என்றார். சிவப்புத் துணியை இந்தத் தடவை வெட்டுவதற்கு முன்னாலேயே மூன்று தரம் வெந்நீரில் அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை நூலகத்தில் கூடுகிறோம். பக்கத்தில் இருக்கிறவர்கள் வாருங்கள். தைக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, இஸ்திரி போட ஆள் வேண்டும்.