கொலைக்குத் தூக்கு மட்டும்தான் என்பது பழைய சட்டம்

அண்ணே, நம்ம சுங்கை சிப்புட் கூட்டத்தில் பேசிய மூத்த கிரிமினல் வக்கீலின் மர்மக் கதையில், இந்த வருடம் நடக்கும் வழக்கில் கொலையாளிக்கு 35 ஆண்டு சிறை கிடைக்கிறது. "மலேசியாவில் கொலை நிரூபணமானால் தூக்குதான், நீதிபதிக்கு வேறு வழியே இல்லை, கதை தப்பு" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். முன்பு அப்படித்தான் இருந்தது. 2023 ஜூலை 4 அன்று கட்டாய மரண தண்டனையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இப்போது கொலைக்கான தண்டனையைச் சொல்லும் குற்றவியல் சட்டத்தின் 302ஆம் பிரிவின்படி நீதிபதி மரண தண்டனை விதிக்கலாம். இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு சிறை, அதோடு குறைந்தது 12 பிரம்படி. தூக்கே ஒழிந்துவிட்டது என்று உங்கள் பதிவின் கீழே கருத்தில் ஒருவர் சொல்வதும் சரியில்லை.

அப்புறம், ஏற்கெனவே தூக்குத் தண்டனை உறுதியான கைதிகளும் தண்டனையை மறுபரிசீலிக்கக் கேட்டு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போக அப்போது தனிச் சட்டமே வந்தது.

தண்டனை சொல்லும் அந்தச் சில நிமிடங்கள்தான் தன்னைக் கதை எழுத வைத்தன என்றார் வக்கீல். தோட்டத்தில் மகனுக்காகக் கோர்ட்டுக்கு அலையும் அம்மாக்களும் இதைப் படிப்பார்கள். எல்லாம் முடிந்தது என்று அவர்கள் வக்கீலைப் பார்க்காமலே இருந்துவிடக் கூடாது. தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள் அண்ணே.