கௌரவ டாக்டர் பட்டம் யாருக்குப் போக வேண்டும்?

பட்டமளிப்பு விழாக்களில் கௌரவ டாக்டர் பட்டம் பெரும்பாலும் நடிகருக்கோ அமைச்சருக்கோ தொழிலதிபருக்கோ போகிறது. மேடை ஏறுவதற்கு முன்பே எல்லாம் கிடைத்துவிட்டவர்கள். என்னைக் கேட்டால், ஒரு பல்கலைக்கழகம் யாரை உள்ளே விடாமல் துரத்தியதோ அவர்களுக்குத்தான் அது முதலில் போக வேண்டும்.

கிளைட் கென்னார்டைப் பற்றிப் படித்ததிலிருந்து இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஹாட்டிஸ்பர்க் ஊர்க்காரர், கறுப்பினத்தவர். ராணுவத்தில் இருந்துவிட்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1955-இல் அம்மாவின் பண்ணையைக் கவனிக்க ஊர் திரும்பினார். பாதியில் விட்ட படிப்பை முடிக்கப் பக்கத்திலேயே மிசிசிப்பி சதர்ன் கல்லூரி இருந்தது. ஆனால் அங்கே வெள்ளையர்களுக்கு மட்டும்தான் இடம். அவர் விடாமல் விண்ணப்பித்தார். 1959 செப்டம்பரில் கல்லூரித் தலைவர் வில்லியம் மெக்கெய்னைச் சந்தித்துவிட்டுக் காருக்கு வந்தவரை, தாறுமாறாக வண்டி ஓட்டினார், மது வைத்திருந்தார் என்று சொல்லிப் பிடித்தார்கள். அடுத்த வருடம் இன்னொரு வழக்கு: 25 டாலர் பெறுமான கோழித் தீவனத் திருட்டுக்கு உடந்தையாம். ஜூரி முழுக்க வெள்ளையர்கள். தீவனத்தை எடுத்ததாக ஒப்புக்கொண்ட ஆள் ஜெயிலுக்கே போகவில்லை. கென்னார்டுக்கு ஏழு வருடம். பார்ச்மன் சிறையில் இருக்கும்போது புற்றுநோய் வந்தது. முற்றிய பிறகுதான் வெளியே விட்டார்கள். 1963 ஜூலை 4 அன்று இறந்தபோது அவருக்கு வயது 36.

அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் பிற்காலத்தில் அது பொய் என்று ஒப்புக்கொண்டார். 2006-இல் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இன்று சதர்ன் மிசிசிப்பி பல்கலைக்கழகமாக இருக்கும் அதே கல்லூரி, 2018 மே மாதப் பட்டமளிப்பு விழாவில் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. குற்றமற்றவர் என்று தெரிந்த பிறகும் ஏன் பன்னிரண்டு வருடம்? எனக்கு அது ஆறவில்லை.

அதே ஊரில் ஓசியோலா மெக்கார்ட்டி என்ற அம்மா இருந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. காலமெல்லாம் பிறர் துணிகளைத் துவைத்துப் பிழைத்தவர். 1995-இல், தன் சேமிப்பிலிருந்து 1,50,000 டாலரை இதே பல்கலைக்கழகத்தில் வசதியில்லாத மாணவர்கள், அதிலும் முன்னுரிமையாகக் கறுப்பின மாணவர்கள், படிக்க எழுதிவைத்தார். அந்தக் கல்லூரி கறுப்பினத்தவரை முதலில் சேர்த்தது 1965-இல். அப்போது இவருக்கு 57 வயது. ஹார்வர்ட் 1996-இலும், சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் 1998-இலும் கௌரவப் பட்டம் தந்தன. நல்லவேளை, அடுத்த வருடம் இறப்பதற்கு முன் கையில் வாங்கிவிட்டார்.

"செத்தவருக்குப் பட்டம் எதற்கு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கென்னார்டுக்கு அதனால் எதுவும் திரும்பி வரப்போவதில்லை, சரி. ஆனால் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் அவர் பெயர் ஏறுகிறது. அதோடு நிற்கவும் கூடாது. பட்டம் தரும்போது வாசிக்கும் பாராட்டுரையில், அவரை உள்ளே விடாதது யார், என்ன காரணம் சொன்னார்கள் என்பதும் இருக்க வேண்டும். வெறும் புகழ்மாலை மட்டும் போட்டால் அது தப்பித்துக்கொள்வது.

உயிரோடு இருப்பவர்களை விட்டுவிடவும் கூடாது. இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே முகாம்களில் அடைக்கப்பட்டு, படிப்பு பாதியில் போன சுமார் 700 மாணவர்களுக்குக் கௌரவப் பட்டம் தரக் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2009-இல் முடிவு செய்தது. கௌரவப் பட்டமே தருவதில்லை என்று பல ஆண்டுகளாக வைத்திருந்த விதியை இதற்காகவே தளர்த்தினார்கள். எண்பதைத் தாண்டிய வயதில் சிலர் நேரில் வந்து வாங்கினார்கள். வர முடியாதவர்களுக்காகப் பிள்ளைகள் வந்தார்கள்.

நிறத்தையோ சாதியையோ பெண் என்பதையோ காரணம் காட்டி விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அந்தப் பழைய கோப்புகளை இப்போதே எடுத்துப் பார்க்க வேண்டும். 1965-இல் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இன்று எண்பது ஆகிவிட்டது.