முனையத்தில் இருக்கையும் வழிகாட்டியும் வேண்டும்

சுரங்க மெட்ரோ முனையம் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அதன் சிறப்புகளாக அகன்ற கூடத்தையும் நடைமேடைக் கண்ணாடிக் கதவுகளையும் குறிப்பிடுகிறது. அவை தேவைதான், ஆயினும் சேலத்திலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் விடியுமுன் சென்னை சென்ட்ரலில் இறங்கி, மூட்டுவலியுள்ள என் அம்மாவையும் மாம்பழக் கூடையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் மெட்ரோவுக்காகக் காத்திருந்தபோது, நுழைவாயில் அருகே நான்கு இருக்கைகளும், மின்தூக்கி எந்தப் பக்கம் என்று காட்டும் பெரிய பலகையும்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றின. அங்கே பச்சை வழித்தடம் முடிவடைகிறது, நீல வழித்தடமோ விமான நிலையம் நோக்கித் தொடர்கிறது. இரண்டும் வெவ்வேறு தளங்களில் ஓடுவதால், தளம் மாறி இறங்கிவிட்டால் முதியவர்கள் மறுபடியும் ஏற வேண்டியிருக்கிறது. ஆகவே தடத்தின் நிறத்தை மேல்கூடத்தின் தரையிலேயே பட்டையாகத் தீட்டிவிட வேண்டுகிறேன்.