"நீ சேலரி, உனக்கு ஓவர்டைம் கிடையாது"ன்னு யாராவது சொன்னா…

போன வாரம் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணான். இங்க அமெரிக்காவுலதான் ஒரு ரெஸ்டாரண்ட்ல வேலை. 14 மாசம் முன்னாடி அவனை மணிக்கணக்கு கூலில (அவர்லி) இருந்து மாறாத சம்பளத்துக்கு (சேலரி) மாத்தி "அசிஸ்டென்ட் மேனேஜர்"னு பேட்ஜும் குத்திவிட்டாங்க, அன்னிக்கு எல்லாருக்கும் மெசேஜ் போட்டு சந்தோஷப்பட்டான். இப்ப என்னடான்னா "அண்ணா, வாரம் 50 மணி நேரம் போகுது, கைக்கு வர்றது அதே 800 டாலர், கேட்டா நீ சேலரி உனக்கு ஓவர்டைம் இல்லங்கிறாங்க"ன்னு புலம்புறான்.

இந்த ஒத்த வரிய நம்ம ஆளுங்க எத்தன பேரு அப்படியே நம்பிட்டு இருக்காங்கன்னு நெனச்சா கடுப்பா வருது. சேலரிங்கிறது சம்பளம் குடுக்குற முறை, அவ்ளோதான். அது மட்டுமே ஓவர்டைம தூக்கிடாது.

சட்டம் 1938ல வந்தது, ஃபேர் லேபர் ஸ்டாண்டர்ட்ஸ் ஆக்ட். வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல போனா, மேல போன நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி, அதான் ஓவர்டைம். இதுல இருந்து ஒருத்தர வெளிய விடணும்னா, அதாவது எக்ஸெம்ப்ட்னு சொல்லணும்னா, பெரும்பாலான ஆஃபீஸ் வேலைக்கு மூணு விஷயம் ஒண்ணா இருக்கணும்: நிலையான சம்பளம், அது வாரம் 684 டாலருக்காவது இருக்கணும், அப்புறம் பாக்குற வேலையே அந்த மாதிரி வேலையா இருக்கணும். மூணாவதுலதான் பாதி கம்பெனி கோட்டை விடுது, இல்ல வேணும்னே கண்ண மூடிக்குது.

தம்பி கிட்ட கேட்டேன், உனக்குக் கீழ எத்தன பேருடா? "யாருமில்லண்ணா, ஷிஃப்ட் போடுறது ஓனர்தான்." ஆள் எடுக்குறது, நிறுத்துறது? "அதுவும் அவருதான்." அப்ப நீ என்ன பண்ற? "கடை திறப்பேன், கிச்சன்ல நிப்பேன், கேஷ்ல நிப்பேன், மூடறப்ப தரை தொடைப்பேன்." மேனேஜர்னு சட்டம் ஒத்துக்கணும்னா முக்கிய வேலையே நிர்வாகமா இருக்கணும், முழுநேர ஆளுங்க ரெண்டு பேரயாவது வழக்கமா மேய்க்கணும், ஆள் எடுக்குற நிறுத்துற விஷயத்துல அவர் பேச்சுக்கு மதிப்பு இருக்கணும். இவன் கிட்ட பேட்ஜ் மட்டும்தான் இருக்கு. பேட்ஜ சட்டம் பாக்கறதே இல்ல.

சரி, கணக்கு பாப்போம். 800 டாலர் 40 மணி நேரத்துக்கான சம்பளம்னா மணிக்கு 20, மேல இருக்குற 10 மணி நேரத்துக்கு 30 வீதம் 300 டாலர் வரணும். ஆனா "இந்த 800 டாலரே 50 மணி நேரத்துக்குத்தான்"னு பேசி வச்சிருந்தா மணிக்கு 16 ஆயிடும், அந்த 10 மணி நேரத்துக்கும் 16 ஏற்கனவே குடுத்தாச்சு, மிச்சம் பாதி ரேட் 8 டாலர் வீதம் 80தான். 300 எங்க 80 எங்க! அதனால ஆஃபர் லெட்டர்ல சம்பளத்த மட்டும் பாக்காம அது எத்தன மணி நேரத்துக்குன்னும் பாருங்க சாமி.

இதுக்கு நேர் தலைகீழா ஐடில ஒண்ணு இருக்கு. அவர்லில இருக்கோம், ஓவர்டைம் கட்டாயம் வரும்னு நம்மாளுங்க நெனச்சுக்கிறாங்க, ஆனா ப்ரோக்ராமர், சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் மாதிரி வேலைனா மணிக்கு 27.63 டாலர் குடுத்தாலே ஃபெடரல் சட்டப்படி எக்ஸெம்ப்ட், ஒன்றரை மடங்கு தர வேண்டியதில்ல. 27.63! இந்தத் தொகை பல வருஷமா அப்படியே கெடக்கு. (கலிஃபோர்னியால இதவிட ரொம்ப ஜாஸ்தி கேக்குறாங்க, அங்க ஒரே நாள்ல 8 மணி நேரம் தாண்டினாலே ஓவர்டைம், 12 தாண்டினா டபுள்.) இன்னொரு பக்கம் 2023ல சுப்ரீம் கோர்ட் ஒரு எண்ணெய் ரிக் ஊழியருக்கு, வருஷம் 2 லட்சம் டாலருக்கு மேல வாங்கினவருக்கு, ஓவர்டைம் உண்டுன்னு 6-3ல சொல்லிடுச்சு, ஏன்னா அவருக்கு நாள் கணக்குல காசு, சேலரியே இல்ல. அவர்லி சேலரிங்கிற பேர வச்சு முடிவு பண்ணாதீங்கன்னு நான் கத்துறது இதுக்குத்தான்.

684 டாலர் ரொம்பக் கம்மின்னு 2024ல லேபர் டிபார்ட்மென்ட் ஏத்துச்சு, ஜூலைல 844 ஆச்சு, 2025 ஜனவரில 1,128 ஆக வேண்டியது, அதுக்குள்ள நவம்பர்ல டெக்சாஸ் கோர்ட் ஒண்ணு மொத்தத்தையும் ரத்து பண்ணி பழைய 684க்கே தள்ளிடுச்சு. வருஷத்துக்கு 35,568. இத வாங்குறவர "எக்ஸிக்யூடிவ்"னு சொல்றதுக்கு வாய் எப்படி வருதுன்னு எனக்குப் புரியல.

அப்புறம் இந்த சில்லறைத் தந்திரங்கள். இந்த வாரம் 50, அடுத்த வாரம் 30, சராசரி 40தானேம்பாங்க, செல்லாது, வாரம் வாரமாத்தான் கணக்கு. "ஓவர்டைமுக்கு பதிலா அப்புறம் லீவு எடுத்துக்கோ"ம்பாங்க, நான்-எக்ஸெம்ப்ட் ஆளுக்கு தனியார் கம்பெனில அதுவும் செல்லாது. "நான் அப்ரூவ் பண்ணலையே"ம்பாங்க, நீங்க வேலை பாக்குறத முதலாளி தெரிஞ்சே விட்டுட்டு இருந்தா அவர் காசு குடுத்துதான் ஆகணும், வேணும்னா திட்டிக்கலாம்.

தம்பிக்கு நான் சொன்னது ஒண்ணுதான், வந்த நேரம் போன நேரம் எல்லாத்தையும் உன் சொந்த போன்ல எழுதி வை, கடை கம்ப்யூட்டர்ல இல்ல. பழைய பாக்கிய கேட்க ரெண்டு வருஷம் டைம், தெரிஞ்சே ஏமாத்தினா மூணு. இவனுக்கு 14 மாசம்தான் ஆயிருக்கு. "கேட்டா வேலைய விட்டுத் தூக்கிருவாங்களாண்ணா"ங்கிறான். கேட்டதுக்காக தூக்குறதும் சட்டப்படி தப்புதான்னு சொன்னேன், ஆனா அவன் குரல்ல பயம் போகல, நானும் மேல அழுத்தல. நேத்து மெசேஜ் பண்ணிருக்கான், மூணு நாள் கணக்கு எழுதிட்டானாம்.