‘எனவே’ என்று எழுதினால் காரணம் காட்ட வேண்டும்

பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. கட்டுரை, ஆண்டறிக்கை, விண்ணப்பம், மேடைப் பேச்சின் எழுத்து வடிவம் என்று எல்லாம் வரும். எழுத்துப்பிழை, சந்திப்பிழை எனக்குப் பெரிய பாடாக இருப்பதில்லை. கண் பழகிவிட்டதால் கை தானாகவே திருத்திவிடும். நின்று யோசிக்க வைப்பவை இணைப்புச் சொற்கள்தான். மேலும், எனவே, ஆனால், இருப்பினும், ஏனெனில், அதாவது. ஒரு பத்தியில் இவற்றை மட்டும் மறைத்துக்கொண்டு படித்துப் பார்ப்பேன். அப்போதும் இந்த வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் என்ன உறவு என்று புரிந்தால், எழுதியவர் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். மறைப்பை விலக்கிய பிறகும் புரியவில்லை என்றால், அந்தச் சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

நிறைய பேர் இந்தச் சொற்களை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு பத்தியில் பொய் சொல்ல முடிகிற இடமே இவைதான். ‘எனவே’ என்று எழுதிவிட்டால், முன்னால் சொன்னது காரணம், பின்னால் சொல்வது அதன் விளைவு என்று வாசகரிடம் உறுதி சொல்லிவிட்டோம். ‘ஆனால்’ என்றால் இரண்டும் முட்டிக்கொள்கின்றன என்று சொல்லிவிட்டோம். அந்த உறவு உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது எழுதுகிறவர் கடமை.

நான் அடிக்கடி பார்க்கும் வகையில் ஒரு பத்தியை எழுதிக் காட்டுகிறேன்:

“நடைப்பயிற்சி உடலுக்கு நல்லது. மேலும், தினமும் நடப்பவர்களுக்குத் தூக்கம் நன்றாக வரும். மேலும், எல்லோராலும் ஒரே வேகத்தில் நடக்க முடியாது. மேலும், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும்.”

மூன்று ‘மேலும்’. முதலாவது ஏறக்குறைய சரி. ஒரு நன்மையோடு இன்னொரு நன்மை சேர்கிறது. இரண்டாவது தவறு. அங்கே பேச்சு திரும்புகிறது, நன்மை முடிந்து எச்சரிக்கை தொடங்குகிறது. மூன்றாவதும் தவறு. பொதுவாகச் சொன்ன எச்சரிக்கை அங்கே ஒரு குறிப்பிட்ட கூட்டத்தாருக்கு இறுகுகிறது. திருத்தினால் இப்படி வரும்:

“நடைப்பயிற்சி உடலுக்கு நல்லது; தினமும் நடப்பவர்களுக்குத் தூக்கமும் நன்றாக வரும். ஆனால் எல்லோராலும் ஒரே வேகத்தில் நடக்க முடியாது. அதிலும் மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் நடக்க வேண்டும்.”

தகவல் அதேதான். ஒரு ‘மேலும்’கூட மிச்சமில்லை. முதல் ‘மேலும்’ செய்த வேலையை, ‘தூக்கமும்’ என்பதில் ஒட்டிக்கொண்ட ‘உம்’ செய்துவிட்டது.

இணைப்புச் சொற்களை மொழியியலாளர்கள் ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976இல் ஆங்கிலத்தை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள்: கூட்டுபவை, எதிர்நிறுத்துபவை, காரணம் காட்டுபவை, காலவரிசை சொல்பவை. எந்த மொழியில் எழுதினாலும் சரிபார்க்க இது கைகொடுக்கும். ‘இங்கே நான் கூட்டுகிறேனா, திருப்புகிறேனா, காரணம் சொல்கிறேனா, அடுத்து நடந்ததைச் சொல்கிறேனா?’ இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதி ‘மேலும்’ உதிர்ந்துவிடும்.

நம் இலக்கணக்காரர்கள் இதில் எவ்வளவு நுணுக்கமாக இறங்கியிருக்கிறார்கள் என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிரமிப்பு அடங்குவதில்லை. தொல்காப்பியத்தின் இடையியல், ‘உம்’ என்ற ஒன்றுக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்கிறது: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். 13ஆம் நூற்றாண்டு நன்னூலும் எட்டு என்றே கணக்கு வைக்கிறது. ‘அவளும் வந்தாள்’ என்றால் வேறு யாரோ ஏற்கெனவே வந்திருக்கிறார்கள். ‘மூவரும் வந்தார்கள்’ என்றால் யாரும் பாக்கி இல்லை. ‘குழந்தைக்கும் தெரியும்’ என்றால் அவ்வளவு எளிதான விஷயம் அது. எல்லாம் ஒரே ‘உம்’தான். தமிழில் எழுதுகிற ஒருவருக்கு இவ்வளவு கையிருப்பு இருக்கும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் ‘மேலும், மேலும்’ என்று ஏன் தவிக்க வேண்டும்?

தவிப்பதற்குக் காரணம் பாடம் நடத்தும் முறை என்றே நினைக்கிறேன். இணைப்புச் சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து, ‘கட்டுரையில் இவற்றைப் பயன்படுத்து, நடை நன்றாக இருக்கும்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகள் முதலில் வாக்கியங்களை எழுதிவிட்டு, பிறகு பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தலையில் ஒட்டுகிறார்கள். உறவை யோசிப்பதுதான் முதல் வேலை. சொல் அதன் பின்னால் வர வேண்டியது.

அடுத்து ‘மற்றும்’. இதைக் கண்டாலே கோபப்படுகிற நண்பர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஒரு நிறுவனப் பெயரிலோ நீளமான தலைப்பிலோ அது இருந்துவிட்டுப் போகட்டும். என் கவலை விதிகளிலும் அறிவிப்புகளிலும் அது செய்யும் குழப்பம். ‘பிறப்புச் சான்றிதழ் அல்லது அடையாள அட்டை மற்றும் புகைப்படம் இணைக்கவும்’ என்று ஒரு படிவத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் கொடுப்பவர் புகைப்படமும் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது. ‘சான்றிதழ் அல்லது அட்டை’ ஒரு கட்டு என்றும் கொள்ளலாம், ‘அட்டை மற்றும் புகைப்படம்’ ஒரு கட்டு என்றும் கொள்ளலாம். விண்ணப்பிப்பவர் ஒன்றை நினைப்பார், வாங்குபவர் இன்னொன்றைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்.

‘பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ ஏதாவது ஒன்றும், அதனுடன் புகைப்படமும் இணைக்க வேண்டும்.’ இப்படி எழுதினால் குழப்பம் முடிந்தது. ‘ஓ’வும் ‘உம்’மும் ஒவ்வொரு பெயரோடும் ஒட்டி நிற்பதால் எது எதோடு சேர்கிறது என்று கண்ணுக்கே தெரிகிறது. ‘அல்லது’, ‘மற்றும்’ இரண்டும் நடுவில் தனியாக நிற்பவை. மூன்றாவது பொருள் வந்ததும் அணி பிரிக்கத் திணறும். மக்களுக்காகப் படிவம் எழுதுகிறவர்கள் இந்த ஒன்றைக் கவனித்தால்கூடப் போதும், எத்தனையோ பேருக்கு வீண் அலைச்சல் மிச்சமாகும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது காரணம் காட்டும் சொற்கள். இந்த மூன்று வாக்கியங்களைப் பாருங்கள். ‘மாத்திரை சாப்பிட்ட பிறகு தலை சுற்றியது.’ ‘மாத்திரை சாப்பிட்டுத் தலை சுற்றியது.’ ‘மாத்திரை சாப்பிட்டதால் தலை சுற்றியது.’ முதலாவது வரிசையை மட்டும் சொல்கிறது. மூன்றாவது குற்றம் சாட்டுகிறது. நடுவில் இருப்பது இரண்டுக்கும் இடைப்பட்டது, கேட்பவர் பெரும்பாலும் காரணமாகவே எடுத்துக்கொள்வார். ஒரு செய்தி வாய்மாறி வாய்மாறிப் போகும்போது முதல் வாக்கியம் இரண்டாவதாகி, இரண்டாவது மூன்றாவதாகிவிடும். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ‘பிறகு’ இருந்த இடத்தில் ‘ஆல்’ வந்து உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு பொருளின் பெயரோ ஒரு மனிதரின் பெயரோ கெட அது போதும். ‘அவர் பொறுப்புக்கு வந்த பிறகு வருமானம் குறைந்தது’ என்பதும் ‘அவர் பொறுப்புக்கு வந்ததால் வருமானம் குறைந்தது’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைச் சொல்பவர் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

வினையெச்சத்தைப் பற்றி இன்னும் ஒன்று. ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்’ என்று எந்த இணைப்புச் சொல்லும் இல்லாமல் தொடுக்க முடிவது தமிழின் பெரிய வசதி. ஆனால் எழுந்ததும் குளித்ததும் கிளம்பியதும் ஒருவராக இருக்க வேண்டும். ‘செய்து’ என்னும் எச்சம் அதைச் செய்தவரின் வினையோடுதான் முடியும் என்பது தொல்காப்பியம் வினையியலில் வகுத்த விதி. ‘அதிகாரிகள் ஆய்வு செய்து கட்டடம் மூடப்பட்டது’ என்று இன்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். ஆய்வு செய்தவர்கள் தெரிகிறது, மூடியவர் யார்? அதிகாரிகளே மூடினார்களா, உரிமையாளர் பயந்து மூடினாரா? ‘அதிகாரிகள் ஆய்வு செய்து கட்டடத்தை மூடினார்கள்’ என்றோ, ‘அதிகாரிகள் ஆய்வு செய்ததை அடுத்து உரிமையாளர் கட்டடத்தை மூடினார்’ என்றோ எழுதுங்கள். இணைப்பைச் சரிசெய்யப் போனால் யார் செய்தது என்ற உண்மை வெளியே வந்துவிடும்.

‘ஏனென்றால் மழை பெய்ததால்’, ‘இருந்தாலும் ஆனால்’ போன்ற இரட்டைக் கட்டுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்றை அடித்துவிட்டால் சரியாகிவிடும்.

‘ஆனால்’ அப்படியல்ல. அதில் மனிதர்கள் காயப்படுகிறார்கள். ‘நன்றாக எழுதியிருக்கிறாய். ஆனால் கையெழுத்து சரியில்லை’ என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால் அது கையெழுத்தை மட்டும்தான் வீட்டுக்கு எடுத்துப் போகும். ‘கையெழுத்து கொஞ்சம் சரியில்லை. ஆனால் நன்றாக எழுதியிருக்கிறாய்’ என்றால் முகம் மலரும். தமிழில் எடை எப்போதும் கடைசியில் விழுகிறது. ‘கையெழுத்து சரியில்லாவிட்டாலும் நன்றாக எழுதியிருக்கிறாய்’ என்று ‘ஆலும்’ போட்டுக் கோத்தால், குறை ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும், பாராட்டு முற்றுவினையில் வந்து நிற்கும். எதை மனதில் நிறுத்த விரும்புகிறோமோ அதைக் கடைசியில் வைக்க வேண்டும். ‘நான் யாரையும் குறை சொல்லவில்லை, ஆனால்’ என்று தொடங்கும் பதிவுகளில் அந்த ‘ஆனால்’ முன்பாதியை முழுசாக அழித்துவிடுகிறது. எழுதியவருக்கும் அது தெரியும்.

பேச்சில் இதெல்லாம் வேறு மாதிரி நடக்கிறது. ‘அப்புறம்’, ‘அதாவது’, ‘என்னன்னா’, ‘பாத்தீங்கன்னா’, ‘சரி, அப்படின்னா’, ‘வந்து’ என்று பேச்சுக்கென்றே ஒரு தனிக் கூட்டம் இருக்கிறது. இவற்றை உளறல் என்று ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். ‘விஷயம் என்னன்னா’ என்று ஒருவர் சொன்னால், முக்கியமானது இனிமேல்தான் வருகிறது, கவனியுங்கள் என்று அர்த்தம். ‘சரி, அப்படின்னா’ என்றால், நீங்கள் சொன்னதை ஒப்புக்கொண்டு அதிலிருந்து ஒரு கேள்விக்குப் போகிறேன் என்று அர்த்தம். ‘வந்து’ யோசிக்க நேரம் வாங்கிக்கொடுக்கிறது. குரலும் நிறுத்தமும் கையசைவும் துணைக்கு இருப்பதால் பேச்சில் பாதி இணைப்பைச் சொல்லாமலே விடலாம். அந்தப் பேச்சை அப்படியே எழுத்தில் இறக்கும்போதுதான் பிரச்சினை. குரல் செய்த வேலையை எழுத்தில் யார் செய்வது? மேடைப் பேச்சைக் கட்டுரையாக்கும்போது என் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போகிறது. பேசியவர் ஒரு நொடி நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திய இடத்தில் ‘இருந்தாலும்’ வர வேண்டுமா, ‘அதனால்தான்’ வர வேண்டுமா என்று ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் முடிவு செய்வேன்.

பழைய உரையாசிரியர்களை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஓலைச்சுவடியில் காற்புள்ளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது, பத்தி பிரிப்பதும் கிடையாது. அப்படியும் வாதம் தடுமாறாமல் போகிறது. ‘என்னையெனின்’ என்று கேள்வியைத் தாமே எழுப்புவார்கள், ‘ஆகலின்’ என்று காரணத்தை முடிப்பார்கள், ‘அற்றேல்’ என்று எதிராளியின் ஆட்சேபத்துக்கு இடம் கொடுப்பார்கள், ‘என்றவாறு’ என்று கட்டி முடிப்பார்கள். எதிர்த்தரப்புக்கு இடம் கொடுக்கும் அந்த ‘அற்றேல்’ மீது எனக்குத் தனி மரியாதை. இன்றைய விவாதங்களில் மிகவும் அரிதாகிப்போன இணைப்பு அது. ‘அப்படியென்றால் நீங்கள் இப்படிக் கேட்கலாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அதற்குப் பதிலும் எழுதுகிறவரை நான் நம்பிப் படிப்பேன்.

இணைப்பே வேண்டாத இடமும் உண்டு. முதல் குறளில் எழுத்துகளுக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல் என்று இரண்டு செய்திகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ‘அதுபோல’ என்ற சொல் இல்லை. எடுத்துக்காட்டு உவமை என்று இதற்கு அணியிலக்கணத்தில் பெயரே இருக்கிறது. உறவு வாசகருக்குத் தானாகவே தெரியும் என்ற உறுதி இருந்தால் சொல்லை விட்டுவிடலாம். அந்த உறுதி இல்லாமல் விட்டால் அது வெறும் துண்டு வாக்கியம்.

மொழிப்பாடம் நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகளிடம் இரண்டே வாக்கியங்களைக் கொடுங்கள். ‘அவள் பதில் சொல்லவில்லை. அவன் போய்விட்டான்.’ எத்தனை விதமாக இணைக்க முடியும் என்று கேளுங்கள். ‘அவள் பதில் சொல்லாததால் அவன் போய்விட்டான்’ என்று ஒரு பிள்ளை எழுதும். ‘அவன் போய்விட்டதால் அவள் பதில் சொல்லவில்லை’ என்று இன்னொன்று எழுதும். ‘அவள் பதில் சொல்வதற்குள் அவன் போய்விட்டான்’, ‘அவள் பதில் சொல்லும்வரைகூட நிற்காமல் அவன் போய்விட்டான்’ என்றெல்லாம் வரும். ஒவ்வொன்றிலும் தவறு யார் பக்கம் இருக்கிறது என்று பேசவிடுங்கள். கடைசியாக, இவற்றில் எது நடந்தது, அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். தெரியாது என்று சொல்கிற பிள்ளையிடம், அந்த இரண்டு வாக்கியங்களையும் அப்படியே தனித்தனியாக விட்டுவிடச் சொல்லுங்கள்.